இறைபணியும் இல்லறமும்
பேர்ள் பக் எழுதிய இரு வாழ்க்கை வரலாறுகள் பற்றிய ஓர் ஆய்வு

வாழ்க்கை வரலாறு எனும் இலக்கிய வகை தமிழுக்குப் புதியதன்று. அடியார் வரலாறுகளைச் சேக்கிழார் பெருங்காப்பியமாகப் பாடினார். தம் ஆசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை உ. வே. சாமிநாதையர் உரைநடையில் விரிவாக எழுதினார். காலத்தாலும் வடிவத்தாலும் வேறுபட்ட இவ்விரண்டிற்கும் பொதுவாயமைந்த பண்பு பக்தி. வரலாற்றுக்குரியாரை அண்ணாந்து நோக்கும் பார்வையே இவற்றை இயக்குவது. பெற்றோரைப் பற்றிப் பிள்ளை எழுதுமிடத்து இப்பக்தி இன்னும் மிகுதல் இயல்பு. பெற்றோரிடத்து அன்பு குன்றாமலும் உண்மையை மறையாமலும் அவர்களது இல்லறத்தை எடைபோட்டு எழுதிய நூல்கள் எம்மொழியிலும் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் இரண்டு, சீன நாட்டில் நெடுங்காலம் சமயப்பணி புரிந்த ஓர் அமெரிக்கக் கிறித்தவக் குடும்பத்தைப் பற்றியவை. அவற்றை எழுதியவர் அக்குடும்பத்தின் மகளாகிய பேர்ள் எஸ். பக்.

பேர்ள் பக் என்றதும் பலரது நினைவுக்கு வருவது 1931இல் வெளிவந்த ‘நல்ல நிலம்’ எனும் நாவலே. அந்நூல் 1932இல் புலிற்சர் பரிசு பெற்றது. 1938இல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, சீன உழவர் வாழ்வைக் காப்பியப் பண்பு தோன்றச் சித்திரித்தமையோடு, அவர் எழுதிய வாழ்க்கை வரலாறுகளின் சிறப்பும் பரிசுக்குரிய காரணமாகக் கூறப்பட்டது. நாவலாசிரியர் என்றே உலகம் போற்றிய ஒருவரின் வரலாற்று நூல்களைப் பரிசுக் குழுவினர் தனியே எடுத்துக் கூறியமை கருதற்பாலது. அந்நூல்கள் இரண்டும் 1936இல் வெளிவந்தன. தாயைப் பற்றியது ‘எக்ஸைல்’. நாடு நீங்கியவள் எனத் தமிழில் அதனைக் கூறலாம். தந்தையைப் பற்றியது ‘ஃபைற்றிங் ஏஞ்சல்’. போர்புரியும் தேவதூதன் என்பது அதன் பொருள். பின்னர் இரண்டும் ஒருங்கே பதிப்பிக்கப்பட்டதும் உண்டு.

நூல்களின் பொருளை உணர்தற்கு அக்குடும்ப வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறிதல் வேண்டும். தந்தை அப்சலோம் சைடன்ஸ்டிரிக்கர் 1852இல் பிறந்தவர். தாய் கரோலைன் 1857இல் பிறந்தவர். அவர்தம் முன்னோர் சமய சுதந்திரம் நாடி ஒல்லாந்து நாட்டின் உத்ரெக்ற் நகரிலிருந்து அமெரிக்காவிற் குடியேறியவர்கள். இருவரும் மேற்கு வெர்ஜீனியா மலைநாட்டினர். 1880இல் மணம் புரிந்து, அவ்வாண்டிலேயே தென் பிரெஸ்பிற்றேரியன் சபையின் ஊழியராய்ச் சீனாவுக்குக் கப்பலேறினர். அவர்களுக்கு மக்கள் எழுவர் பிறந்தனர். நால்வர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். எஞ்சிய மூவருள் ஒருவரே பேர்ள். அவர் 1892இல், பெற்றோர் விடுமுறையில் தாய்நாடு சென்றிருந்த காலத்திற் பிறந்து, சில மாதக் குழந்தையாகச் சீனாவுக்குக் கொண்டுவரப்பட்டவர். யாங்சி ஆற்றங்கரையிலுள்ள ஜென்ஜியாங் நகரமே அவர் வளர்ந்த ஊர். தாய் 1921இலும் தந்தை 1931இலும் சீன மண்ணிலேயே காலமாயினர். நூல்களில் தாய் ‘கேரி’ என்றும் தந்தை ‘அன்ட்ரூ’ என்றும் பெயர் பெறுகின்றனர். தம்மையும் ‘கம்ஃபோர்ட்’ எனும் தம் நடுப்பெயரால் ஒரு பாத்திரமாகவே தாயின் வரலாற்றில் ஆசிரியர் அமைத்துக்கொள்கின்றார்.

கேரியின் வரலாறு, தாய் இறந்த சிறிது காலத்திலேயே எழுதப்பட்டு, குடும்பத்தார் படித்தற்கென ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. பதினைந்து ஆண்டுகள் கழிந்தே அது நூலாயிற்று. இதனால் அந்நூலில் துயரத்தின் சூடு ஆறவில்லை. சீன நகரொன்றின் நடுவே தான் அமைத்துக்கொண்ட அமெரிக்கத் தோட்டத்தில் தாய் நிற்கும் காட்சியோடு நூல் தொடங்குகின்றது. இத்தோட்டம் நூல் முழுவதற்கும் உரிய குறியாக அமைகின்றது. கணவர் புதிய ஊர் தேடிப் புறப்படும்போதெல்லாம் கேரி ஒரு வீட்டைத் துறந்து மற்றொன்றைத் தூய்மை செய்கின்றாள், சுவருக்கு வெள்ளையடிக்கின்றாள், பூச்செடி நடுகின்றாள். செடி பூக்குங்காலத்து மீண்டும் புறப்பாடு நேர்கின்றது. ஊர் மாறிய எண்ணிக்கையை ஆசிரியர் கணக்கிட்டுக் காட்டுவதிலும், இச்செடிகளைக் காட்டுவதே அவ்வாழ்வின் அவலத்தை உணர்த்திவிடுகின்றது.

கேரியின் உள்ளத்திலே இரு ஆசைகள் போராடுகின்றன. ஒன்று, இறைவன் தன்னை ஏற்றுக்கொண்டான் என்பதற்கு ஓர் அடையாளம் பெறவேண்டும் என்பது. மற்றது, உலக வாழ்வின் அழகை, இசையை, மலரை, மனிதரை நிறைவாக நுகரவேண்டும் என்பது. இளமையில் தாயின் மரணப் படுக்கையருகே நின்றபோது, ஒளியோடு பிரிந்த அவ்வுயிரைக் கண்டு, அதனையே அடையாளமெனக் கொண்டு சமயப்பணிக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கின்றாள். ஆயின் அதன்பின் நாற்பது ஆண்டுகள் அவள் வேண்டிக் காத்திருந்தும் வேறோர் அடையாளம் வரவில்லை. பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராய் மறைகின்றனர். கணவரது உறுதி மாறவில்லை. அவளது ஐயமும் தீரவில்லை. ஐயத்தோடு வாழ்ந்தவளே அண்டைச் சீனப் பெண்களின் துயரைக் கேட்டவள், நோய்க்கு மருந்து கொடுத்தவள், எழுத்தறிவித்தவள், பசித்தோர்க்கு உணவிட்டவள். சமயத்தைப் போதித்தவர் அன்ட்ரூ, அதனை வாழ்ந்து காட்டியவள் கேரி என்பதே மகளின் தீர்ப்பு என நூலைப் படிப்போர் உணர்வர்.

தந்தையின் வரலாறு வேறொரு தொனியில் நடப்பது. தந்தையும் இறந்து, ஆசிரியர் புகழ்பெற்று, சமயச் சபையோடு மாறுபட்ட பின்னர் எழுதப்பட்டது அது. 1932ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நியூயோர்க் நகரிலே, அந்நிய நாடுகளிற் சமயப்பணி செய்தற்கு நியாயம் உண்டா எனும் வினாவை எழுப்பி அவர் ஆற்றிய உரை பெரும் வாதத்தைக் கிளப்பிற்று. 1933இல் பிரெஸ்பிற்றேரியன் சபையின் ஊழியத்திலிருந்து விலகினார். தந்தையின் வாழ்நாட் பணியையே ஐயுற்ற மகள், அத்தந்தையின் வரலாற்றை எழுதப் புகுகின்றார் என்பதை மறவாது இந்நூலைப் படித்தல் வேண்டும். பகைமையோடு எழுதுவதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவ்வாறிருந்தும் அந்நூலிற் காணப்படுவது பகைமையன்று; வியப்பும், சினமும், நகையும், காலந்தாழ்ந்து தோன்றிய அன்பும் கலந்த ஒரு நடுநிலை.

அந்நகைச்சுவைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். அன்ட்ரூ பணிபுரிந்த பகுதியிலே ஒற்றைக்கண்ணரான பப்ரிஸ்ற் போதகர் ஒருவர் இருந்தார். நீரில் முழுவதும் மூழ்குவித்தலே உண்மையான ஞானஸ்நானம் என்பது அவர் கொள்கை. அன்ட்ரூ அரும்பாடுபட்டுச் சேர்த்த சீனரை, உங்களுக்கு இட்ட நீர் போதாது எனக் கூறி அவர் தம் பக்கம் இழுத்துக்கொள்வார். கடவுளறியாத மக்களைக் கடைத்தேற்றக் கடல் கடந்து வந்த இருவர், தண்ணீரின் அளவு பற்றிப் பல்லாண்டு போர் புரிகின்றனர். ஆசிரியர் இதனைக் கூறுமிடத்து எவ்வித உரையும் சேர்ப்பதில்லை. சைவ உலகிலும் சிறிய வேறுபாடுகள் பற்றிப் பெரிய கண்டனங்கள் எழுந்ததுண்டு என்பதை நினைவுகூரும் வாசகர், சிரிப்பினூடே சிறிது நாணவும் கூடும்.

ஆயின் அந்நூலின் நெஞ்சு நகைச்சுவையன்று. மகளின் வேண்டுகோளுக்கிணங்கி அன்ட்ரூ தம் முதுமையில் தமது வாழ்க்கைக் கதையை எழுதினார். அது இருபத்தைந்து பக்கத்துள் அடங்கிற்று. அதிலே தமது திருமணத்தை ஒருமுறை குறிப்பிடுகின்றார். பிறந்த பிள்ளைகளை ஒருமுறை பட்டியலிடுகின்றார். அப்பட்டியலிலே, ஐந்து வயதுவரை வாழ்ந்து இறந்த, தாயின் உயிருக்குயிரான ஓர் ஆண்மகவின் பெயர் விடுபட்டுப்போயிற்று. மகள் இதனை எடுத்துரைக்கும் முறை குறிப்பிடத்தக்கது. அவர் குமுறவில்லை, அந்நூல் தந்தையின் ஆன்மாவின் வரலாறு எனவும், அவ்வான்மா மாறாதது எனவும் கூறி மேலே செல்கின்றார். ஒரு மனிதனைப் பற்றி நூறு பக்கத்தில் எழுதப்படும் குற்றப்பத்திரிகை செய்ய இயலாததை இவ்வொரு செய்தி செய்துவிடுகின்றது.

நூல்களின் துணைத்தலைப்புகளும் இவ்விடத்து நோக்கற்பாலன. முதல் நூல் ‘ஓர் அமெரிக்கத் தாயின் சித்திரம்’ எனப்படும். இரண்டாவது ‘ஓர் ஆன்மாவின் சித்திரம்’ எனப்படும். தாயின் நூலிலே தாய் எனும் சொல் தலைப்பில் நிற்கின்றது. தந்தையின் நூலிலே தந்தை எனும் சொல் இல்லை. ஆசிரியரின் தீர்ப்பு முழுவதும் இச்சொல்லின்மையில் அடங்கியுள்ளது எனலாம்.

தமிழ் இலக்கண நோக்கிற் கூறின், ஒரே இல்லறம் அகமாக ஒருமுறையும் புறமாக ஒருமுறையும் பாடப்பட்டுள்ளது. கேரியின் நூல் வீடு, தோட்டம், பிள்ளை, பிரிவு என்பவற்றாலாயது. அன்ட்ரூவின் நூல் பயணம், எதிர்ப்பு, போர், வெற்றி, தோல்வி என்பவற்றாலாயது. அகத்திணைத் தலைவன் ஓதல், பகை, தூது என்பன காரணமாகப் பிரிவான் என்பர் தொல்காப்பியர். அன்ட்ரூவின் பிரிவு இறைவன் பொருட்டாய தூது. தமிழ்த் தலைவனோ கார்காலத்தில் மீள்வேன் என்று சொல்லிச் செல்வான். அச்சொல்லே தலைவிக்குப் பற்றுக்கோடு. அன்ட்ரூ அவ்வாறு பருவம் குறித்துச் செல்பவரல்லர். மீண்டாலும் உள்ளத்தால் மீள்பவரல்லர். எனவே கேரியின் பாலை முடிவில்லாத பாலையாயிற்று. அகத்திணையிலே தலைமக்களின் இயற்பெயர் கூறலாகாது எனும் மரபும் தற்செயலாக ஈண்டுப் பொருந்துகின்றது. தந்தையின் உண்மைப் பெயரை மறைத்தமையால், இக்குடும்பத்தின் கதை எல்லாக் குடும்பத்துக்கும் உரிய கதையாக விரிகின்றது.

இனி, சைவ வாசகர் ஒருவர் இந்நூல்களைப் படிக்குங்கால் எழக்கூடிய வினாவொன்று உண்டு. அன்ட்ரூ பொதுமக்கள் பேசும் சீன நடையிலே புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்க முற்பட்டார். கிரேக்க மூலத்தோடு ஒப்புநோக்கிப் பல்லாண்டு உழைத்தார். அதன் அச்சுச் செலவையும் தம் சொற்ப ஊதியத்திலிருந்தே கொடுத்தார். பிள்ளைகளின் உடைக்கும் கல்விக்கும் எனத் தாய் எதிர்பார்த்த பணம் ஒவ்வொரு பதிப்புக்கும் கரைந்தது. இதனைப் படிக்கும் வாசகர் அன்ட்ரூவைக் கொடியவர் என எளிதிற் கூறிவிடலாம். ஆயின் பெரியபுராணத்தைப் போற்றுவோர் அவ்வாறு கூறுதற்கு முன் சிறிது தயங்குதல் வேண்டும். இளையான்குடிமாற நாயனார் விதைத்த நெல்லை நள்ளிரவில் வாரிவந்து அடியார்க்கு அமுதளித்தார். சிறுத்தொண்ட நாயனார் அடியார் வேண்டியதற்காகத் தம் ஒரே மகனையே கறியாக்கினார். இறைவன்பொருட்டு இல்லத்தைக் காணிக்கையாக்கும் மனநிலை ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதன்று. அன்ட்ரூவின் உறுதியை மூடப்பற்று என இகழ்ந்து, நாயன்மாரின் உறுதியை அன்பு எனப் புகழ்வோர், அவ்வேறுபாட்டுக்கு ஏது காட்டக் கடமைப்பட்டவராவர்.

ஏது உண்டு, அது கதையின் பயனில் மட்டும் தங்கியதன்று. சீராளன் உயிர்பெற்று ஓடிவந்தான், கேரியின் பிள்ளைகள் வரவில்லை என்பது ஒரு வேறுபாடு. புராணத்துக்கும் வரலாற்றுக்கும் உள்ள வேறுபாடு அது. இதனினும் முக்கியமானது மனைவியின் இடம். மாறனாரின் மனைவியாரே விதைநெல்லை நினைவூட்டி வழி கூறுகின்றார். திருவெண்காட்டு நங்கை கணவரோடு ஒருமனப்பட்டு நிற்கின்றார். சேக்கிழார் அவ்விருவரையும் ஒரு தொண்டின் இரு கைகளாகவே அமைக்கின்றார். அன்ட்ரூவோ மனைவியைக் கேட்பதில்லை. பெண்கள் சபையில் அடங்கியிருத்தல் வேண்டும் எனும் பவுல் அப்போஸ்தலரின் உபதேசத்தை அவர் எழுத்துப் பிசகாமற் கடைப்பிடித்தவர். கூரிய அறிவும் இனிய குரலும் உடைய கேரி, கணவரது பணியின் கருவியாகவே கருதப்பட்டாள். அதன் பங்காளியாக அல்லள். தாயின் ஒளி மங்கியதை நேரிற் கண்ட மகள், பவுலையே மன்னிக்க இயலாதவராகின்றார். தியாகம் என்பது தன்னுடையதைக் கொடுத்தல். பிறருடையதை அவர் இசைவின்றிக் கொடுத்தல் தியாகமாகாது. இவ்வுண்மையை எந்த நீதிநூலும் இந்நூல்களைப்போல் அழுத்தமாக உணர்த்தியதில்லை எனலாம்.

இத்துணைச் சிறப்பு இருப்பினும் நூல்கள் குறையற்றனவல்ல. முதலாவது குறை, கேரியின் வரலாறு பல இடங்களில் வரலாற்றின் எல்லையைக் கடந்து நாவலாகிவிடுதல். தான் பிறப்பதற்கு முன்னர்த் தாய் தனியே அழுத இரவுகளையும் அவள் மனத்துள் எழுந்த எண்ணங்களையும் மகள் நேரிற் கண்டாற்போல எழுதுகின்றார். மழையற்ற கொடுங்கோடையொன்றிலே, அந்நியரால்தான் தெய்வங்கள் சினந்தன எனக் கருதிக் கொலைநோக்கோடு வந்த கூட்டத்தாருக்குக் கேரி கதவைத் திறந்து வைத்துத் தேநீரும் பணியாரமும் பரிமாறுகின்றாள்; பிள்ளைகளை அச்சமின்றி விளையாட விடுகின்றாள்; வந்தவர் வெட்கித் திரும்புகின்றனர்; அன்றிரவே மழை பொழிகின்றது. நாடகச் சுவை நிறைந்த காட்சி இது. தாய் பலமுறை சொல்லக்கேட்ட கதையே இவ்வடிவம் பெற்றிருத்தல் வேண்டும். சொல்லுந்தோறும் மழை சிறிது முன்னதாகவே வந்திருக்கவும் கூடும். இக்குறையைத் தந்தையின் நூலிற் காணல் அரிது. அன்ட்ரூவின் உள்ளத்தை அறிந்ததாக மகள் நடிப்பதில்லை. அறியமுடியவில்லை என்பதே அந்நூலின் பொருள். கலைத்திறத்தால் தந்தையின் நூல் மேம்பட்டு நிற்பதற்கு இந்நேர்மையே காரணம்.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. அரை நூற்றாண்டு சீனாவில் நடந்த இவ்வாழ்க்கையின் கதையிலே சீனர் எங்கே? செவிலித்தாயாகிய வாங் ஆமா அன்போடு சித்திரிக்கப்படுகின்றாள். கேரியிடம் துயர் சொல்ல வந்த பெண்கள் வருகின்றனர். அன்ட்ரூவோடு உழைத்த சீனப் போதகர் ஓரிரு பக்கங்களில் தோன்றி மறைகின்றனர். மதம் மாறியவருள் ஒருவரேனும் ஏன் மாறினார், மாறியபின் தம் சுற்றத்தாரிடையே என்ன பாடுபட்டார், தம் முன்னோர் வழிபாட்டைக் கைவிட்ட நாளில் என்ன நினைத்தார் என்பன இந்நூல்களில் விளக்கம் பெறுவதில்லை. உழவன் வாங் லுங்கின் உள்ளத்துட் புகுந்து ‘நல்ல நில’த்தை எழுதியவர், தம் தந்தையின் சபையில் அமர்ந்திருந்த சீனரின் உள்ளத்துட் புகவில்லை. கேரியின் துயரத்தை ‘நாடு நீங்கியவள்’ எனும் பெயரால் அழைக்கும்போதும், அவளால் நாட்டிலிருந்தே அந்நியராக்கப்பட்ட சீனக் கிறித்தவரைப் பற்றிய எண்ணம் எழவில்லை.

இக்குறையை ஆசிரியரே வேறோரிடத்தில் ஓரளவு நிறைவு செய்துள்ளார் என்பதும் கூறத்தக்கது. ‘நல்ல நில’த்திலே, பஞ்சத்தால் நகரம் சென்ற வாங் லுங்குக்கு நெடிய உருவமும் நீலக் கண்ணுமுடைய அந்நியர் ஒருவர் ஒரு தாளைக் கொடுக்கின்றார். மரக்கட்டையிலே தொங்கும் வெண்ணிற மனிதன் ஒருவனின் படம் அதிலுள்ளது. குடும்பத்தார் கூடி ஆராய்ந்தும் அதன் பொருள் விளங்கவில்லை. இறுதியில் மனைவி ஓ-லான் அத்தாளைச் செருப்பின் அடித்தோலுக்குள் வைத்துத் தைத்துவிடுகின்றாள். அந்நியர் யாரென்று நாவல் கூறவில்லை. தந்தையின் வரலாற்றைப் படித்தோர்க்கு அவர் யாரென ஊகித்தல் கடினமன்று. ஒரு பக்கத்திலே வாழ்நாள் முழுவதையும் குடும்பத்தையும் விழுங்கிய திருப்பணி. மறுபக்கத்திலே கந்தற் செருப்புக்கு உதவிய ஒரு தாள். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றிப் பேர்ள் பக் கண்ட உண்மை முழுமையாகத் தோன்றாது.

அரசியற் பின்னணியைத் தந்தையின் நூல் மறைக்கவில்லை. 1858ஆம் ஆண்டின் தியென்சின் உடன்படிக்கைகள், போரில் தோற்ற சீனாவிடமிருந்து கிறித்தவப் போதகர்க்குரிய பாதுகாப்பைப் பெற்றுக்கொடுத்தன. துப்பாக்கிக் கப்பல் பின்னே நிற்க, அன்பைப் பற்றிய நற்செய்தி முன்னே சென்றது. 1900ஆம் ஆண்டிற் கிளர்ந்த பொக்ஸர் எழுச்சி அதன் எதிரொலியே. அப்போது மனைவி மக்களைச் சங்காய்க்கு அனுப்பிவிட்டு அன்ட்ரூ தம் ஊரிலே தங்கினார். அவரது அஞ்சாமையை மகள் குறைத்துக் கூறவில்லை. அது தமக்கு உரிமையெனக் கருதிய அஞ்சாமை என்பதையும் மறைக்கவில்லை. 1927 மார்ச்சிலே நாங்கிங் நகரில் வெளிநாட்டினர் தாக்கப்பட்டபோது, முதியவரான அன்ட்ரூவும் மகளின் குடும்பத்தினரும் ஏழைச் சீனப் பெண்ணொருத்தியின் குடிசையில் ஒளிந்து உயிர் தப்பினர். சீனரை மீட்க வந்தவரை மீட்டவள் ஒரு சீனப்பெண். அவள் எந்த ஞானஸ்நானப் பதிவேட்டினாலும் அக்கருணையைக் கற்றவளல்லள்.

யாழ்ப்பாணத்து வாசகர்க்கு இந்நூல்கள் தொலைநாட்டுக் கதையாகத் தோன்றா. அமெரிக்க மிஷனரிமார் இக்குடாநாட்டிலே 1816இல் பணி தொடங்கினர். வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தோன்றிற்று. உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை 1824இல் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1833இல் இம்மண்ணிலேயே மறைந்தார். பின்னர்த் தமிழ் அகராதியால் பெயர் பெற்ற அவர் கணவர் மைரன் வின்ஸ்லோ, மனைவியின் வரலாற்றை 1835இல் நூலாக வெளியிட்டார். அது கணவர் எழுதிய வரலாறு. சபையார்க்கு ஊக்கமளிக்கவென எழுதப்பட்டது. அவ்வகை நூல்களிலே குழந்தையின் மரணமும் தாயின் மரணமும் இறைவன் திருவுளம் எனும் ஒரு சொல்லில் ஆறுதல் பெறும். நூறாண்டின் பின் ஒரு மகள் எழுதியபோதுதான் அவ்வாறுதலைப் பெறாத ஒரு தாயின் குரல் கேட்டது. மிஷனரி வரலாற்று இலக்கியத்திலே பேர்ள் பக் செய்த மாற்றம் இதுவே.

மிஷனரியை யாழ்ப்பாணத்துச் சைவர் இருவகையில் அறிந்தனர்: பாடசாலையில் ஆசானாக, சந்தியிலும் அச்சிலும் எதிரியாக. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலரே, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர் என்பதில் அவ்விரு உறவுகளும் ஒருங்கே விளங்கும். அன்ட்ரூ போன்றோரின் மொழிபெயர்ப்புகளுக்குப் பின்னே பெயரறியாச் சீனப் புலவர் எத்தனையோர் நின்றனரோ எனும் எண்ணம் நாவலரை அறிந்த வாசகர்க்கு எழாமற் போகாது. ஆசானாகவும் எதிரியாகவும் அறியப்பட்ட மிஷனரி, கணவனாகவும் தந்தையாகவும் எவ்வாறு வாழ்ந்தான் என்பதை வெளியார் அறிதற்கு வழியிருக்கவில்லை. மிஷன் வளவின் மதிலுக்குள்ளே நிகழ்ந்ததை இவ்விரு நூல்களும் திறந்து காட்டுகின்றன. அங்கே தோன்றுவது வெற்றிச் செருக்கன்று. தனிமையும் நோயும் பிள்ளைகளின் கல்லறைகளுமே.

இதனைக் கண்டு மகிழ்தல் சைவ வாசகர்க்கு அழகன்று. தம்மை நோக்கித் திரும்பும் வினாவே அவர் பெறவேண்டிய பயன். சமயத்துக்கும் மொழிக்கும் கல்விக்கும் வாழ்வை ஒப்படைத்த பெரியார் பலர் இந்நாட்டில் இருந்துள்ளனர். அவர்தம் நினைவு மலர்கள் பல அச்சேறியுள்ளன. அம்மலர்களிலே அவர் நிறுவிய பாடசாலைகளின் பெயர்கள் இருக்கும். பதிப்பித்த நூல்களின் பெயர்கள் இருக்கும். தலைமை தாங்கிய மகாநாடுகள் இருக்கும். நகையை அடகு வைத்துக் கொடுத்த மனைவியின் பெயர் பெரும்பாலும் இராது. தந்தையைக் காணாமல் வளர்ந்த பிள்ளையின் சொல் அறவே இராது. அன்ட்ரூவின் இருபத்தைந்து பக்கங்கள் சீனாவில் மட்டும் எழுதப்பட்டவையல்ல.

1949க்குப் பின் சில ஆண்டுகளுள் வெளிநாட்டு மிஷனரிமார் சீனாவை விட்டு நீங்கினர். 1972இலே, தாம் வளர்ந்த நாட்டை மீண்டும் காண விரும்பிய பேர்ள் பக்குக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். தாய் அமெரிக்காவை நினைந்து சீனாவில் ஏங்கினாள். மகள் சீனாவை நினைந்து அமெரிக்காவில் ஏங்கினார். நாடு நீங்கியவர் எனும் பெயர் இருவருக்கும் பொருந்துவதாயிற்று. ஜென்ஜியாங் நகரில் அவர் வாழ்ந்த இல்லம் பின்னாளில் நினைவில்லமாகப் பேணப்படலாயிற்று. அன்ட்ரூ அரும்பாடுபட்டு அச்சிட்ட புதிய ஏற்பாட்டை அறிந்தோர் இன்று மிகச் சிலர். அவரையும் கேரியையும் உலகம் அறிவது மகள் எழுதிய இரு நூல்களாலேயே.

ஆகவே இந்நூல்கள் மிஷனரிமாரைப் பழிப்பன எனவோ போற்றுவன எனவோ கொள்ளுதல் தவறு. உயர்ந்த குறிக்கோளுக்கு உழைப்போன் தன் வீட்டாரிடம் கணக்குக் கேட்கப்படுவான் என்பதும், அக்கணக்கைக் கேட்பதற்கு அன்புடைய பிள்ளையே தகுதியுடையது என்பதும் இவற்றாற் பெறப்படும் உண்மைகள். இங்ஙனம் அன்போடும் அச்சமின்மையோடும் எழுதப்பட்ட குடும்ப வரலாறுகள் தமிழில் தோன்றுதல் வேண்டும். அவற்றுக்குரிய செய்திகள் இந்நாட்டு இல்லங்கள் பலவற்றிலே, பெட்டகத்துட் கிடக்கும் கடிதங்களிலும் பாட்டிமாரின் வாய்மொழியிலும் இன்றும் உள்ளன. எழுதவல்ல மாணவர் அவற்றைக் கேட்டுக் குறித்து வைப்பாராக.